பாளையங்கோட்டை பிளஸ் டூ வேதியியல் மாதிரித் தேர்வுத் தொகுப்பு: வாங்கலாமா?

வாங்கலாம். சில குறைகள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன், ஆனாலும் வாங்கலாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வினாத்தாள் தொகுப்பு வாங்கும்போது அட்டையையும் விலையையும் பார்க்கிறோமே தவிர, அந்தக் கேள்விகளை யார் எப்படி எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்கள் சிலரும் கல்லூரிப் பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து போடும் தொகுப்பு இது. ஆறு முழுத் தாள்கள், ஒரு விடைக்குறிப்புப் புத்தகம், வேண்டுமென்றால் விடைத்தாளைத் திருத்தித் தரும் சேவை. தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் உண்டு. தொகுப்பு 380 ரூபாய், திருத்துவதற்குத் தாள் ஒன்றுக்கு 40 ரூபாய் தனி. நான் சேரன்மகாதேவி பக்கம் ட்யூஷன் எடுக்கிறேன், இந்த வருடம் என் பிள்ளைகளுக்கு இதைத்தான் போட்டேன். போன வருடம் வேறொரு தொகுப்பு வாங்கியிருந்தேன், பெயர் வேண்டாம். அதில் ஒரே கேள்வி இரண்டு தாளில் வந்திருந்தது, விடைக்குறிப்பில் அதற்கு ஒரு தாளில் 'ஆ', இன்னொரு தாளில் 'ஈ' என்று போட்டிருந்தார்கள். பிள்ளைகள் என்னிடம் வந்து, "எது டீச்சர் சரி, எதைப் படிக்க?" என்று நின்றார்கள். இரண்டுமே தப்பு. அந்தத் தாளை எழுத ஒரு பிள்ளை ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

சரி, இந்தத் தொகுப்புக்கு வருகிறேன். மாதிரி என்று நம் கைக்கு வருவதில் முக்கால்வாசி பழைய பொதுத்தேர்வுத் தாள்களை வெட்டி ஒட்டியது. இவர்கள் கேள்விகளைப் புதிதாக எழுதுகிறார்கள், எழுதியதை முந்தின வருடத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து எழுதவைத்துப் பார்க்கிறார்கள், அந்த முடிவைப் பார்த்துத் தேறியதை வைத்துக்கொண்டு தேறாததைத் தூக்கிவிடுகிறார்கள். தேறிய ஒரு மதிப்பெண் கேள்வி ஒவ்வொன்றுக்கும் விடைக்குறிப்பில் இரண்டு எண்கள் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் விற்கும் வேறு எந்தத் தொகுப்பிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

அந்த இரண்டு எண்கள் என்ன என்று முன்னுரையில் விளக்கியிருக்கிறார்கள், ஆனால் சுருக்கமாக, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். முதலாவது கடினத்தன்மை. எழுதியவர்களில் எத்தனை பங்கு பேர் சரியாக எழுதினார்கள் என்பதுதான். 0.9 என்றால் பத்துக்கு ஒன்பது பேர் சரி, 0.2 என்றால் பத்துக்கு இரண்டு பேர்தான். இரண்டாவது பிரித்தறியும் திறன், இதுதான் முக்கியம். மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே இருக்கும் 27 சதவீதம் பேரையும் கீழே இருக்கும் 27 சதவீதம் பேரையும் எடுத்துக்கொள்கிறார்கள். உதாரணத்துக்கு 100 பேர் எழுதினால் மேலே 27, கீழே 27. ஒரு கேள்வியை மேலே இருப்பவர்களில் 20 பேரும் கீழே இருப்பவர்களில் 8 பேரும் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசம் 12, அதை 27-ஆல் வகுத்தால் 0.44. நல்ல கேள்வி. வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அந்தக் கேள்வியால் படித்தவனையும் படிக்காதவனையும் பிரிக்க முடியவில்லை என்று அர்த்தம். கழித்தலில் போனால், அதாவது நன்றாகப் படித்த பிள்ளைகள் தப்பாகவும் படிக்காதவர்கள் சரியாகவும் எழுதியிருந்தால், கேள்வியிலேயே ஏதோ கோளாறு.

அப்படி எப்படி நடக்கும் என்று கேட்கலாம். முன்னுரையில் அவர்களே தூக்கிப் போட்ட கேள்வி ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான். முதல் வகை வினையின் அரை வாழ் காலம், அதாவது வினைபடுபொருள் பாதியாகக் குறைய ஆகும் நேரம், அதைப் பற்றிய சரியான கூற்று எது என்று கேள்வி. 'அ' தொடக்கச் செறிவைச் சார்ந்ததல்ல. 'ஈ' வெப்பநிலையைப் பொறுத்து மாறும். நடுவில் இரண்டு தப்பான கூற்றுகள். கேள்வி எழுதியவர் மனதில் 'அ'தான் விடை. நோட்ஸை மனப்பாடம் செய்த பிள்ளை 'அ' என்று எழுதிவிட்டுப் போய்விடும். ஆனால் யோசிக்கிற பிள்ளை என்ன செய்யும்? அரை வாழ் காலம் 0.693-ஐ வினைவேக மாறிலியால் வகுத்தது, அந்த மாறிலி வெப்பநிலை கூடினால் கூடும், அப்படியென்றால் 'ஈ'யும் சரிதானே என்று அங்கேயே நின்றுவிடும். பாதிப் பேர் 'ஈ' எழுதியிருக்கிறார்கள், அவ்வளவு பேரும் மற்ற கேள்விகளை நன்றாகச் செய்தவர்கள். இந்தக் கோளாறு ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து தாளைப் படித்தபோது யார் கண்ணிலும் படவில்லை, பிள்ளைகள் எழுதிய பிறகுதான் வெளியே வந்தது. போட்டுப் பார்க்காத கேள்வியை எவ்வளவு அனுபவசாலி எழுதினாலும் நம்பக்கூடாது என்று நான் நினைப்பதற்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

இது இவர்கள் கண்டுபிடித்த முறை இல்லை, அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அமெரிக்க வேதியியல் கழகத்துக்கென்று ஒரு தேர்வு நிறுவனம் இருக்கிறது, 1930-களிலிருந்தே கல்லூரி வேதியியலுக்குப் பொதுவான தேர்வுகள் போட்டுவருகிறார்கள். பல கல்லூரி ஆசிரியர்கள் குழுவாகச் சேர்ந்து தேவைக்கு மேலேயே கேள்விகள் எழுதி, அவற்றைச் சோதனைத் தாள்களாக்கி உண்மையான வகுப்புகளில் கொடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் இதே இரண்டு எண்களைப் பார்த்து, அதன் பிறகுதான் இறுதித் தாளைக் கட்டுகிறார்கள். தேர்வை நடத்தும் கல்லூரிகள் அனுப்பும் மதிப்பெண்களைச் சேர்த்து, இந்த மதிப்பெண் வாங்கியவர் நூற்றுக்கு எத்தனை பேருக்கு மேலே இருக்கிறார் என்கிற அட்டவணையும் வெளியிடுகிறார்கள். அங்கே இப்படிச் செய்ய முடிகிறது, ஏனென்றால் தாளை வெளியே விடுவதில்லை. எழுதியதும் வாங்கி வைத்துவிடுவார்கள், அதே தாள் பல வருடம் ஓடும்.

நம் பொதுத்தேர்வில் அது நடக்காது. ஒவ்வொரு மார்ச்சிலும் புதுத் தாள் வேண்டும், அது முன்கூட்டி ஒரு பிள்ளை கண்ணிலும் படக்கூடாது. அதனால் பொதுத்தேர்வுக் கேள்வியை முதன்முதலில் எழுதிப் பார்ப்பவர்கள் அந்தத் தேர்வை எழுதும் பிள்ளைகளேதான், இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு மாதிரித் தாள் விற்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. ரகசியம் வேண்டாம், அவசரம் வேண்டாம், ஒரு வருடம் பொறுமையாகப் போட்டுப் பார்த்துத் திருத்தலாம். அவ்வளவு பேர் விற்கிறார்கள், ஏன் செய்வதில்லை என்பதுதான் என் கேள்வி. இவர்கள் செய்திருக்கிறார்கள்.

தாளின் அமைப்பு அப்படியே நம் பொதுத்தேர்வு மாதிரிதான். 70 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண்ணில் ஒன்பதுக்கு ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஒன்பதுக்கு ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் 'அல்லது' போட்ட ஐந்து. 24-ம் கேள்வியும் 33-ம் கேள்வியும் கட்டாயம். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று முன்பு ப்ளூபிரிண்ட் இருந்தது, புது மதிப்பெண் முறை வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான், இல்லையென்றால் பிள்ளைகள் நாலு பாடத்தைத் தொடாமலே நூறு வாங்கக் கணக்குப் போடுவார்கள். ஆனால் தாள் எடுக்கிறவருக்கு உள்ளுக்குள் ஒரு கட்டம் இல்லாமல் முடியாது. இவர்கள் ஒவ்வொரு தாளுக்கும் அந்தக் கட்டத்தை விடைக்குறிப்பில் அச்சடித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் உலோகவியல் தொடங்கி அன்றாட வாழ்வில் வேதியியல் வரை 15 பாடம், மேலே நினைவில் வைத்துச் சொல்வது, புரிந்து சொல்வது, பயன்படுத்துவது, அதற்கும் மேலே என்று நான்கு படி. 1956-ல் அமெரிக்கக் கல்வியாளர் புளூம் குழுவினர் போட்ட படிநிலைகளைச் சுருக்கியது. எந்தப் பாடத்தில் எந்தப் படியில் எத்தனை மதிப்பெண் என்று ஒரே பார்வையில் தெரிகிறது. என் மாணவி ஒருத்தி முதல் படிக் கேள்விகளில் ஒன்றுகூட விடவில்லை, மூன்றாவது படியில் பாதிதான் வாங்கியிருக்கிறாள் என்று இந்தக் கட்டத்தை வைத்துத்தான் பிடித்தேன். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் நல்லாத்தான் படிக்கா என்று விட்டிருப்பேன்.

அப்புறம் ஒரு மதிப்பெண் கேள்விகளின் தப்பு விடைகள். இதில் இவர்கள் பட்ட பாடு தெரிகிறது. பத்தின் மைனஸ் ஏழாம் அடுக்கு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் என்ன என்று மூன்றாவது தாளில் ஒரு கேள்வி. அயனிச் சமநிலை பாடம் நடத்திய எல்லோருக்கும் தெரிந்த கேள்விதான். நான்கு விடைகள்: 7.00, 6.70, 6.79, 7.21. 7.00 எழுதினால் தண்ணீரும் அயனியாகும் என்பதை மறந்தாயிற்று. 6.70 எழுதினால் தண்ணீரை நினைத்தது சரி, ஆனால் அமிலம் இருக்கும்போது தண்ணீரின் அயனியாதல் குறையும் என்பதை விட்டுவிட்டு இரண்டையும் அப்படியே கூட்டியாயிற்று. 7.21 எழுதினால் கணக்கு முழுக்கச் சரி, கடைசியில் பிஎச்-க்குப் பதில் பிஓஎச்-ஐ, அதாவது ஹைட்ராக்சைடு அயனிக்கான எண்ணை, விடையாக எழுதியாயிற்று. 6.79தான் சரி. நாலில் எதை எழுதினாலும் அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், விடைக்குறிப்பிலும் ஒவ்வொரு தப்புக்கும் எதைத் திரும்பப் படிக்கணும் என்று ஒரு வரி இருக்கிறது. போன வருடத் தொகுப்பில் இதே மாதிரி கேள்விக்கு 1, 7, 12, 6.79 என்று விடைகள் கொடுத்திருந்தார்கள். அதில் 1-ஐயும் 12-ஐயும் எந்தப் பிள்ளை எழுதும்?

கேள்விகளில் 'மேற்கூறிய அனைத்தும்' எங்கேயும் இல்லை, 'எது தவறு' என்று கேட்கும் இடங்களில் தவறு என்கிற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள், சரியான விடை மட்டும் நீளமாக இருந்து காட்டிக்கொடுக்கும் கேள்விகளும் இல்லை. கணக்குகள் லாக் டேபிளை வைத்துப் போடக்கூடிய எண்களிலேயே வருகின்றன, கால்குலேட்டர் கையில் வைத்துக்கொண்டு எடுத்த தாள் மாதிரி 0.0837 என்றெல்லாம் வந்து பிள்ளையின் கால் மணி நேரத்தைத் தின்பதில்லை.

நம் பக்கத்துச் சங்கதிகளை வைத்து எழுதிய கேள்விகளைப் பற்றித் தனியாகச் சொல்லணும். சாகுபுரத்தில் உப்புக் கரைசலை மின்னாற்பகுத்து காஸ்டிக் சோடா எடுப்பது மின்வேதியியலில் ஐந்து மதிப்பெண்ணாக வந்திருக்கிறது, மணவாளக்குறிச்சி மோனசைட் மணல் உள்இடைநிலைத் தனிமங்களில் வந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது பதநீர்க் கேள்விதான். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர், தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். சுக்ரோஸ் இன்வர்டேஸ் என்ற நொதியால் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைவது, பிறகு சைமேஸ் என்ற நொதியால் எத்தனாலாவது, சுண்ணாம்பு பிஎச்-ஐ ஏற்றி ஈஸ்டை எப்படித் தடுக்கிறது என்று மூன்று பகுதியாகக் கேட்டிருக்கிறார்கள். இப்படிக் கேட்டால் பனையேறி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் லாபமாகிவிடாதா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் கேள்வியிலேயே எல்லாத் தகவலையும் மூன்று வரியில் கொடுத்துவிட்டார்கள், வண்ணார்பேட்டை ஃப்ளாட்டில் வளர்ந்து பனைமரத்தைப் பேருந்திலிருந்து மட்டும் பார்த்த பிள்ளையும் எழுதலாம். எழுதினான். உடன்குடிப் பக்கத்துப் பையனும் எழுதினான். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண், வித்தியாசம் வந்தது சமன்பாட்டில்தான், அங்கேதான் வரவும் வேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படி வரவில்லை. ஐந்தாவது தாளில் தாழையூத்து சுண்ணாம்புக்கல்லை வைத்து ஒரு மூன்று மதிப்பெண் கேள்வி, படிக்கவே அரைப் பக்கம். சிமென்ட் ஆலை, சூளை, வெப்பநிலை என்று கதை போய்க்கொண்டே இருக்கிறது, கடைசியில் கேட்பது ஒரு சிதைவு வினையின் சமன்பாடு. பிள்ளைகளில் பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். மூன்று மதிப்பெண்ணுக்கு அவ்வளவு படிக்கவைப்பது நியாயமில்லை. அந்த ஐந்தாவது தாள் மொத்தமுமே நீளம், வேகமாக எழுதும் பிள்ளைகளே நேரம் போதவில்லை என்றார்கள். இவர்கள் ஒரு மதிப்பெண் கேள்விகளைத்தான் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், முழுத் தாளாக மூன்று மணி நேரம் வைத்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அதையும் செய்யணும்.

கரிம வேதியியல் பகுதி மெலிவு. ஹைட்ராக்ஸி சேர்மங்களிலிருந்து கரிம நைட்ரஜன் சேர்மங்கள் வரை மூன்று பாடம், பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுவதும் அங்கேதான், ஆனால் மாற்றங்கள் கேள்விகள், அதாவது இதிலிருந்து அதை எப்படிக் கொண்டுவருவாய் என்பவை, ஆறு தாளிலும் சேர்த்து எண்ணினால் குறைவாகத்தான் இருக்கின்றன. பெயர் வினைகளை வரையறுக்கச் சொல்வதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்களுடைய கட்டத்திலேயே அந்த வரிசைகளில் மேல்படிகள் காலியாக இருப்பது தெரிகிறது, அச்சடிக்கும்போது யாராவது கவனித்திருக்கலாம். புறப்பரப்பு வேதியியலில் ஐந்து மதிப்பெண் ஒன்றுகூட இல்லை.

திருத்தும் சேவை பற்றி. விடைத்தாள்களை மொத்தமாகக் கொடுத்தால் ஒரு தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துகிறார்கள், ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாது, வித்தியாசம் அதிகம் வந்தால் மூன்றாவது ஆள் பார்க்கிறார். ஆஸ்வால்ட் நீர்த்தல் விதியைத் தருவிக்கும் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எந்தப் படிக்கு எவ்வளவு, தோராயப்படுத்தும் இடத்தில் காரணம் எழுதாவிட்டால் எவ்வளவு குறையும் என்று விடைக்குறிப்பில் தெளிவாக இருக்கிறது, திருத்தியதும் அப்படியே இருக்கிறது. கணக்கில் நடுவில் ஒரு கூட்டல் தப்பி, அதன் பிறகு எல்லாம் முறையாகப் போயிருந்தால் அந்த ஒரு படிக்கு மட்டும்தான் குறைக்கிறார்கள். என் பிள்ளை ஒருவன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், தப்புக்கும் மார்க் போட்டிருக்காங்களே?" என்று ஆச்சரியப்பட்டான். தப்புக்குப் போடவில்லை, தப்புக்குப் பிறகு அவன் சரியாகச் செய்ததற்குப் போட்டிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து காட்டினேன். ஆனால் தாள் திரும்பி வர மூன்று வாரம் ஆகிவிடுகிறது. அதற்குள் பிள்ளை அடுத்த பாடத்துக்குப் போய்விடும், என்ன எழுதினோம் என்பதே மறந்துவிடும். ஒரு வாரத்தில் தர முடிந்தால் 60 ரூபாய் கேட்டாலும் கொடுக்கலாம்.

யாருக்கு என்றால், பாடத்தை ஒரு முறையாவது முழுக்க முடித்த பிள்ளைகளுக்கு. பாஸ் ஆனால் போதும் என்று இருக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு தாளை மட்டும் கொடுங்கள், அவை எளிது, கடினத்தன்மை எண்களே அதைக் காட்டுகின்றன. நீட்டுக்கு இது போதாது. அங்கே வேதியியலுக்கு 45 கேள்வி, தப்புக்கு ஒரு மதிப்பெண் கழியும், அந்த வேகத்துக்கு வேறு பயிற்சி வேண்டும். ஆனால் இதில் உள்ள 90 ஒரு மதிப்பெண் கேள்விகளையும் நீட் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள், தப்பு விடைகளுக்கான அந்த ஒரு வரிக் குறிப்புகள் அவர்களுக்கும் உதவும்.

முருகன்குறிச்சியில் புத்தகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். காலாண்டுக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். அரையாண்டு நெருங்கும்போது அச்சுப் பிரதி தீர்ந்துபோய், கேட்கிறவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள், அதில் பென்சீன் வளையத்துக்குள் இருக்கும் கோடுகளும் அணைவுச் சேர்மப் படங்களும் பாதி தெரியாது. கடைக்கார அண்ணாச்சியிடம் விடைக்குறிப்புப் புத்தகத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், அது தனிப் புத்தகம் என்பதால் சில நேரம் தாள்களை மட்டும் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.